ட்ரூசோ என்றால் சீர்

கடிதம் இரண்டு தாள். முதல் தாளில் நான்கே வரி. விடுதியில் தங்கிப் படிக்கப்போகும் மாணவி ஜூலை மாதம் முதல் திங்கட்கிழமை தன்னுடைய முழு ட்ரூசோவுடன் வந்து சேர வேண்டும். இரண்டாம் தாளில் அந்த ட்ரூசோவில் என்னென்ன அடக்கம் என்று எண் போட்டுப் பதினோரு சாமான்கள். படுக்கை விரிப்பு நான்கு, தலையணை உறை இரண்டு, துவாலை மூன்று, கைக்குட்டை ஆறு, கொசுவலை, தட்டு, குவளை, கரண்டி, சீப்பு, அழுக்குத்துணிப் பை, பூட்டோடு ஒரு சிறிய பெட்டி. அவ்வளவுதான்.

பிரெஞ்சில் ட்ரூசோ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. விடுதிக்குப் போகும் பிள்ளை எடுத்துப்போகிற துணிமணிக்கும் அதுதான் பெயர். கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்வரிசைக்கும் அதுதான் பெயர். காரைக்காலில் பிரெஞ்சு தெரியாதவர்கள்கூட இரண்டாவது அர்த்தத்தை அறிவார்கள். கல்யாணப் பத்திரத்தை எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படிக்கும்போது காதில் விழுகிற வார்த்தை அது. முதல் அர்த்தம் தெரிய வேண்டுமானால் பெண்ணை விடுதியில் சேர்த்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் எத்தனை வீட்டில் சேர்த்தார்கள்?

எங்கள் வீட்டில் அந்தக் குழப்பம் வரவில்லை. நாங்கள் பூவத்தில் இருந்தோம். அப்பா எல்லையில், துவான் என்று நாங்கள் சொன்ன சுங்கச் சாவடியில் சிப்பாய். அரைகுறை பிரெஞ்சு அவருக்கு உண்டு. கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு, சாவடியில் ஊரார் மூட்டையைப் பிரித்துப் பார்க்கிற அதே முகத்தோடு என் பெட்டியைக் கட்டினார். அம்மா தன் பழைய சேலைகளை மடித்துத் தைத்து விரிப்பாக்கினார். கைக்குட்டை ஆறில் நான்குதான் தேறியது. "ஆறுன்னு போட்டிருக்கு" என்று அப்பா முறைக்க, அம்மா தன் ரவிக்கைத் துணியைக் கிழித்து மீதி இரண்டைத் தைத்துக் கொடுத்தார். அந்த இரண்டில் பூப்போட்டிருந்தது. விடுதியில் அவற்றை நான் வெளியே எடுத்ததே இல்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறுவதற்கு முந்தைய வருடம் அது. கொலேழ் என்றுதான் அந்தப் படிப்பிடத்தைச் சொல்வோம். இப்போதைய கல்லூரி மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது. கன்னியர் மடத்தின் பின்கட்டில் நான்கு வகுப்பறை, அவற்றுக்கு மேலே விடுதி. எங்களுக்குப் பதினேழு வயது. மறு வருடம் மே மாதம் ப்ரெவே பரீட்சை. அதில் தேறினால் ஆரம்பப் பள்ளியில் டீச்சர் வேலை கிடைக்கும். தேறாவிட்டால் வீடு, அடுப்படி, ஜாதகம் பார்க்காத எங்கள் சாதியில் நேரே சர்ச்சில் கல்யாண ஓலை வாசிப்பு. சின்ன வகுப்புப் பெண்கள் எல்லாம் ஒரே கூடத்தில் வரிசையாகப் படுக்க, பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இரண்டு பேருக்கு ஓர் அறை கொடுப்பார்கள்.

என் அறை மாடியில் கோடி அறை. நீளம் எட்டு எட்டு, அகலம் ஆறு எட்டு, நானே நடந்து அளந்தேன். தெருப்பக்கம் கிழக்கே ஒரு சன்னல். வடக்கே கதவு. சுவரில் இரண்டு பலகை, நான்கு ஆணி. இரும்புக் கட்டில் இரண்டு. எனக்குச் சாமான்களை அடுக்குவதில் ஒரு பைத்தியம் உண்டு. பிறவிக் குணம், இன்னும் போகவில்லை. முதல் ஆளாக வந்ததால் சன்னலோரக் கட்டில் எனக்கு, மேல் பலகை எனக்கு, இரண்டு ஆணி எனக்கு என்று பங்கு பிரித்து, புத்தகங்களை உயர வரிசையில் நிறுத்தி, மாதா படத்தை மேற்குச் சுவரில் மாட்டிவிட்டுக் கைகட்டி நின்று பார்த்தேன். எலி வளையானாலும் தனி வளை என்பார்கள். அரை வளைதான் கிடைத்தது என்றாலும் அன்று காலை பத்து மணிவரை நான் ராணியாகத்தான் இருந்தேன்.

பத்து மணிக்குத் தெருவில் மாட்டு வண்டிகள் வந்து நின்றன. மூன்று வண்டி. முதல் வண்டியில் திரை கட்டியிருந்தது. அதிலிருந்து துப்பட்டி போர்த்திய ஓர் அம்மாளும் ஒரு பெண்ணும் இறங்கினார்கள். மற்ற இரண்டிலும் சாமான். செதுக்கல் வேலை செய்த தேக்குக் கட்டில் கழற்றிய நிலையில். சுருட்டிக் கட்டிய இலவம்பஞ்சு மெத்தைகள். அரை டஜன் தலையணை, நான்கு திண்டு. ஆள் உயரக் கண்ணாடி. செம்பு அண்டா ஒன்று, அதற்குள் அடுக்கடுக்காய் மற்றப் பாத்திரங்கள். எச்சில் துப்பும் பித்தளைப் படிக்கம், வெற்றிலைப் பெட்டி, பன்னீர்ச் செம்பு. சைகோனிலிருந்து வந்த பீங்கான் சாடிகள் வைக்கோலுக்குள். வாசலில் கூடியிருந்த பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கல்யாண வீடு எது, வண்டிக்காரன் வழி தவறி வந்துவிட்டானா என்று நானும் மேலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தேன். அவை என் அறைக்குத்தான் வருகின்றன என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது.

கதை அன்று மத்தியானத்துக்குள் விடுதி முழுக்கப் பரவிவிட்டது. அவர்கள் திருமலைராயன்பட்டினத்தில் கப்பல் வியாபாரக் குடும்பம். அந்தப் பெண்ணின் வாப்பா சைகோனில் கடை வைத்திருக்கிறார். வீட்டில் பெரியவாப்பா, அதாவது வாப்பாவின் அண்ணன், வைத்ததுதான் சட்டம். கடிதம் வந்தபோது வீட்டுக் கணக்கப்பிள்ளை படித்துக் காட்டினாராம். 'முழு ட்ரூசோவுடன்' என்று கேட்டதும், ட்ரூசோ என்றால் சீர்தானே என்று கேட்டாராம் உம்மா, அவள் அம்மா. ஆமாம், பத்திரத்தில் வருகிற அதே வார்த்தைதான் என்றாராம் கணக்கப்பிள்ளை. மீதியைக் கேட்கப் பொறுமையில்லாமல் உம்மா எழுந்து போய், மகளுக்கென்று பத்து வருடமாகச் சேர்த்த சீர் முழுவதையும் வண்டியில் ஏற்றிவிட்டாராம். பெரியவாப்பா அன்று நாகூர் போயிருந்தார்.

மடத்துத் தலைவியை மாமேர் என்று கூப்பிடுவோம். வயதான பிரெஞ்சுக்காரி. அண்டாவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் திருப்பி அனுப்பச் சொன்னார். உம்மா அசையவில்லை. "வாசல் தாண்டின சீரு திரும்பி வரக் கூடாதுங்க. பொண்ணுக்கு ஆவாது" என்று இரண்டே வாக்கியம் சொன்னார். அதை நான்தான் பிரெஞ்சில் சொல்ல வேண்டியிருந்தது. மாமேர், கதவு மூட முடிகிற அளவுக்கு அறைக்குள் எது அடங்குகிறதோ அது இருக்கலாம் என்றார். கதவு மூடுகிற அளவு! அந்த வாக்கியத்தை மொழிபெயர்க்காமல் விழுங்கியிருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்தேன்.

அடுத்த ஒரு வாரம் நானும் அந்தப் பெண்ணும் படித்தது ஒன்றும் இல்லை, அடுக்கியதுதான். ஆண்கள் மாடி ஏறக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் பெண்களே தூக்கி வந்தோம். என் இரும்புக் கட்டிலைச் சன்னலோரத்திலிருந்து நகர்த்தினால்தான் தேக்குக் கட்டில் உள்ளே வரும். நகர்த்தினேன். கண்ணாடியைச் சாய்க்க இடம் இல்லாமல் கதவுக்குப் பின்னால் நிறுத்தினோம். கதவைத் திறக்கும்போதெல்லாம் என் முகமே கோபமாக எதிரே வந்து நிற்கும். மேற்குப் பார்த்துத் தொழ அவளுக்குப் பாய் விரிக்கும் அளவு இடம் வேண்டும், அந்தச் சுவரில் படம் இருக்கக் கூடாது. அதைக் கேட்க அவள் இரண்டு நாள் தயங்கினாள். மாதாவைக் கிழக்குச் சுவருக்கு, சன்னலுக்கு மேலே மாற்றினோம். ஆணி அடித்தது அவள்தான். என் ஆணி கோணலாகப் போனதால் பிடுங்கி வாங்கி நேராக அடித்தாள்.

அவளும் வேலையில் சளைத்தவள் இல்லை. அடுக்குவதில் என் மாதிரி இல்லை, வேறு மாதிரி. ஒரு சாமான் எதற்குச் செய்யப்பட்டது என்ற கவலையே கிடையாது அவளுக்கு. படிக்கத்தில் மைக்கூடும் பேனாவும் நின்றன. வெற்றிலைப் பெட்டிக்குள் ஊசி, நூல், பொத்தான். பீங்கான் சாடியில் என் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு. துணிக்கு இஸ்திரி போடும்போது பன்னீர்ச் செம்பில் தண்ணீர் நிரப்பிக் கல்யாணத்தில் விருந்தாளிகளுக்குத் தெளிப்பதுபோல் என் பாவாடைமேல் தெளிப்பாள். ஐப்பசி மழையில் ஓடு ஒழுகியபோது விடுதி முழுக்கப் புத்தகங்கள் நனைந்து ஊறின. எங்கள் புத்தகங்கள் மட்டும் அண்டாவுக்குள், மூடி போட்டு, பத்திரமாக இருந்தன. மாமேர் வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் தன் ஜெபப் புத்தகத்தையும் கொடுத்தனுப்பினார்.

ஆனால் அதற்கு முன்னால், முதல் மாதத்தில், நான் பட்ட எரிச்சலைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். எனக்கு அந்தச் சாமான்களின்மேல் பொறாமை. மெத்தைமேல் அவள், சேலைத் துணி விரிப்பின்மேல் நான். வேண்டுமென்றால் நீ மெத்தையில் படு என்று அவள் சொன்னது என்னை இன்னும் எரிய வைத்தது. ஒரு நாள் அண்டாவின் விளிம்பு காலில் இடித்துப் புறப்பட்ட ரத்தத்தோடு கத்தினேன். "இதெல்லாம் லிஸ்ட்லயே இல்ல! ரெண்டாவது தாள்ல தெளிவா எழுதியிருக்கு. பதினோரு சாமான். உங்க உம்மாவுக்குத் தெரியாட்டி உனக்குமா தெரியாது? நான் உங்க வீட்டுக்கு எழுதிப் போடப்போறேன். வண்டி வந்து அள்ளிக்கிட்டுப் போகட்டும்."

அவள் கதவை மூடினாள். கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எழுதாதடி. ரெண்டாவது தாளை நான் அடுப்புல போட்டுட்டேன்" என்றாள்.

பிறகு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். அவளுக்குப் பேசி வைத்த மாப்பிள்ளை சைகோனில் வாப்பாவோடு இருக்கிறார். நல்லவர்தான், கெட்டவர் என்று அவள் சொல்லவே இல்லை. மார்ச் மாதக் கப்பலில் இரண்டு மாத லீவில் வருகிறார். வந்ததும் நிக்காஹ் என்று பெரியவாப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். ப்ரெவே மே மாதம். பரீட்சையைப் பற்றி அவள் வாயைத் திறந்தபோது, பரீட்சை எங்கேயும் ஓடிப்போகாது, கப்பல் போய்விடும் என்றாராம். அதற்குப் பிறகுதான் கடிதம் வந்தது. கணக்கப்பிள்ளை படித்துவிட்டு மேஜைமேல் வைத்துப்போன தாள்களை அவள் எடுத்துப் பார்த்தாள். உம்மா உள்ளே சீர்ச் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தார். தவறு என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. இரண்டாவது தாளை மடித்து அடுப்பில் வைத்தாள்.

"பொண்ணு வீட்டுல சீரை அடுக்கி வச்சு, மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க வந்து பாத்தாத்தான் நாள் குறிப்பாங்க. சீரு இங்க இருந்தா அங்க என்னத்த அடுக்குவாங்க? மறுபடி சேக்க ஒரு வருசம் ஆவும். அதுக்குள்ள நான் பரீட்சை எழுதிடுவேன்."

"உங்க உம்மாவ ஏமாத்தினியா?" என்று கேட்டேன். என் குரலில் அப்போது கோபம் இல்லை, வியப்புத்தான்.

"ஏமாத்தல. அவங்களா ஏமாந்தாங்க. நான் சும்மா இருந்தேன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். காலில் ரத்தத்தைத் துடைத்துக்கொள்ள அவளே கைக்குட்டை எடுத்துக் கொடுத்தாள்.

நான் வீட்டுக்கு எழுதவில்லை என்பதோடு நிற்கவில்லை. ஆனை வாங்கியாயிற்று, அங்குசத்துக்கு யோசிப்பானேன் என்று துணிந்துவிட்டேன். விடுதியில் வெளுப்புக்குப் போகிற துணி எல்லாவற்றிலும் அவரவர் எண்ணைச் சிவப்பு நூலில் தைக்க வேண்டும் என்பது விதி. அவள் எண் இருபத்தேழு. விதி வெளுப்புத் துணிக்கு மட்டும்தான். நாங்கள் மெத்தை உறை, திண்டு உறை, பட்டு ஜமக்காளத்தின் ஓரம், கொசுவலையின் விளிம்பு என்று ஒன்று விடாமல் இருபத்தேழு போட்டோம். எண் போட்ட சீரை எந்த மாப்பிள்ளை வீட்டார் முன்னால் விரிக்க முடியும்? அது என் யோசனைதான். நான் பெருமையாகவே சொல்கிறேன். சாயங்காலங்களில் வாய்ப்பாடு மாதிரி வினைச்சொல் உருக்களை ஒப்பித்துக்கொண்டே தைப்போம். அவளுக்குக் கணக்கு வராது, எனக்குப் பிரெஞ்சு இலக்கணத்தில் தடுமாற்றம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தோம். அந்த அறையில் இடம் இல்லாமல் போனதாலேயே இரண்டு பேரும் ஒரே கட்டிலில் எதிரெதிராக உட்கார்ந்து படிக்கப் பழகினோம்.

மார்ச் வந்தது. கப்பல் ஒரு வாரத்தில் என்ற செய்தியும் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் திரை கட்டிய வண்டி வாசலில் நின்றது. பின்னால், பெரியவாப்பா உத்தரவுப்படி சீரைத் திரும்ப ஏற்றிப்போக, இரண்டு காலி வண்டி. உம்மா இறங்கினார். எதிர்ப்புறம் நிழலில், குடையை ஊன்றிக்கொண்டு பெரியவாப்பா நின்றார். பட்டினத்திலேயே உயரமான மனிதர் அவராகத்தான் இருக்கும்.

என் தோழி சாமான் எடுக்க மாமேரிடம் எழுத்து வாங்க வேண்டும் என்று சொல்லிக் கீழே ஓடினாள். மாமேர் பூசைக்குப் போயிருக்கிறார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்தாளோ என்னவோ. அறையில் நானும் உம்மாவும் மட்டும் இருந்தோம்.

அவர் துப்பட்டியைத் தளர்த்திவிட்டுச் சுற்றிப் பார்த்தார். அண்டாவுக்குள் புத்தகம். படிக்கத்தில் பேனா. தலையணை உறையை விரலால் தொட்டார். சிவப்பு நூலைத் தடவினார். திண்டைத் தொட்டார். அங்கும் சிவப்பு. கொசுவலை ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"நீ பிரெஞ்சு படிச்ச புள்ள. மடத்துலேருந்து வந்த கடுதாசியில என்னதான் எழுதியிருந்துச்சு? மச்சான் கேட்டுக்கிட்டு வரச் சொன்னாரு" என்றார். மச்சான் என்றது பெரியவாப்பாவை.

நான் பூவத்துத் துவான் சிப்பாயின் மகள். எங்கள் வீட்டில் பொய்யும் கள்ளச் சரக்கும் ஒன்று. ஆனாலும் வாய் தானாகத் திறந்தது. "சீர்னுதாங்க எழுதியிருந்துச்சு. முழுச் சீர். பரீட்சை முடியிற வரைக்கும் எதையும் வெளியே எடுக்கக் கூடாதுன்னும் எழுதியிருந்துச்சு."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தார். "விரிப்பு நாலு" என்றார். "தலகாணி உறை ரெண்டு. துவாலை மூணு. கைக்குட்டை ஆறு. கொசுவலை, தட்டு, குவளை, கரண்டி, சீப்பு, அழுக்குத்துணிக்குப் பை. அப்புறம் பூட்டு வச்ச சின்னப் பொட்டி. பதினொண்ணு. சரியா புள்ள?"

நான் விரல் விட்டு எண்ணினேன். சரியாக இருந்தது.

"கணக்கப்பிள்ளைய முழுசும் படிக்கச் சொல்லி ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டாவது தடவை அவரு வாசல பாத்துக்கிட்டே படிச்சாரு. அவருக்கும் மூணு பொண்ணு. அந்த வார்த்தை பத்திரத்துல வர்ற வார்த்தைதானான்னு கேட்டேன், அதேதான்னாரு. எனக்கு அது போதும்னு எந்திரிச்சுப் போயிட்டேன். அவரும் பொய் சொல்லல, நானும் பொய் சொல்லல. நீதான் சொல்லிட்டே. தௌபா பண்ணிக்க" என்றார். அப்போது அவர் கண்ணில் ஒரு சிரிப்பு இருந்தது. எங்கள் வழித் தௌபாவான பாவசங்கீர்த்தனத்தில் மறுநாள் சனிக்கிழமை அந்தப் பொய்யைத்தான் முதலில் சொன்னேன்.

"ஏன் உம்மா? வேணாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். பதினேழு வயதில் எல்லாம் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும் என்று நினைப்பு.

"யாருகிட்ட? வேணாம்னு சொல்ல எனக்கு எடமில்ல புள்ள. வெவரம் தெரியாம செஞ்சிட்டேன்னு சொல்ல மட்டும் எடமிருந்துச்சு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு பட்டினம் பூரா தெரியும். அத வச்சுத்தான் செஞ்சேன்." எழுந்து துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவ தாளை அடுப்புல வச்சத நான் பாத்தேன். நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சு, பத்தாத வெறகுல வச்சிட்டாளேன்னு. அவ போனதும் நான்தான் ஊதிவிட்டேன். இத அவகிட்ட சொல்லாத. உம்மாவும் சேந்துதான் செஞ்சாங்கன்னு தெரிஞ்சா, நாளைக்கு மச்சான் மெரட்டினா வாய்விட்டுருவா. அவளுக்கு மறைக்கத் தெரியாது."

சத்தியம் செய்து கொடுத்தேன். இப்போது எழுதுவதற்குக் காரணம், கோபப்படவும் வருத்தப்படவும் உரிய உம்மாவும் அவளும் இன்று உயிரோடு இல்லை.

உம்மா கீழே இறங்கினார். நான் சன்னலில் நின்று பார்த்தேன். அவர் தெருவைக் கடந்து பெரியவாப்பாவின் முன்னால் போய், தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னார். சிவப்பு நூல் என்பதும் நம்பர் என்பதும் என் காதில் விழுந்தன. அதன்பிறகு பெரியவாப்பாவின் குரல் மட்டும்தான். "அறிவு இருக்கா ஒனக்கு? ஒரு கடுதாசிய முழுசா கேக்கத் துப்பில்ல! படிக்காத முண்டத்த வச்சுக்கிட்டு என் தம்பி எப்புடித்தான் குடும்பம் நடத்துறானோ! கப்பல்லேருந்து எறங்கி வர்றவன் மூஞ்சில நான் எப்புடி முழிப்பேன்?" தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வண்டிக்காரர்கள் மாட்டைத் தட்டிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்கள். உம்மா குனிந்த தலை குனிந்தபடி நின்றார். என் தோழி மூச்சிரைக்க மாடியேறி வந்து என் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தாள். "பாவம்டி உம்மா. ஒண்ணும் தெரியாம திட்டு வாங்குறாங்க" என்று அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் வேறெப்போதும் மௌனமாக இருந்ததில்லை.

காலி வண்டிகள் காலியாகவே திரும்பின. மாப்பிள்ளை வந்தார், இரண்டு மாதம் இருந்தார், அடுத்த லீவுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கப்பலேறினார். மே மாதம் நாங்கள் பரீட்சை எழுதினோம். இருவரும் தேறினோம். அவள் என்னைவிடப் பதினான்கு மார்க் அதிகம், கணக்கில்கூட. நான் மூன்று நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ஐப்பசியில் கொடி மாறியது. பட்டினத்தில் பெண்கள் பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்தது, எனக்கு வரிச்சிக்குடியில்.

இரண்டு வருடம் கழித்து அதே மாப்பிள்ளையோடு அவளுக்கு நிக்காஹ் நடந்தது. பெண்கள் பக்கத்துக் கூடத்தில் எனக்கு நடு இடத்தில் விரிப்புப் போட்டு உட்கார வைத்தார்கள். சாப்பாடு முடிந்து வட்டலப்பம் வந்தபோது யாரோ ஆரம்பித்தார்கள். அது எப்போதும் யாராவது ஆரம்பிக்கிற கதையாகிவிட்டிருந்தது. "ட்ரூசோ உம்மா எங்க, கூப்புடுங்க. கடுதாசிய முழுசா கேக்காம அண்டாவ பள்ளிக்கூடத்துக்கு அனுப்பின உம்மாவ கூப்புடுங்க!" கூடம் முழுக்கச் சிரிப்பு. மணப்பெண் தலையில் பூச்சரம் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். மாமேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை நடித்துக் காட்டினாள். உம்மாவுக்கு ஒன்றும் தெரியாததால்தான் நான் டீச்சரானேன் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். அவளுக்கு அது பாசத்தில் வந்த கேலி. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் உம்மா கையில் தட்டோடு, வந்தவர்களுக்குப் பரிமாறியபடி, எல்லோரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அது தாங்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அப்படி இல்ல, நான் சொல்றேன்" என்று எழுந்தேன்.

உம்மா வேகமாக வந்து என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். கீழே வைத்த தட்டை எடுத்து மறுபடி என் கையில் கொடுத்தார். குனிந்து என் காதில், "விடு புள்ள. படிச்ச பொண்ணு சிரிக்கிறா. கேக்க எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நான் வட்டலப்பத்தைச் சாப்பிட்டேன். கூடம் மறுபடி சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்மேல் எனக்கு இன்றுவரை கோபம்தான்.